கௌரவ் போரா: டிஃபெண்டர் அடிச்ச ரெண்டு கோல்

குன்னத்துல ஃபுட்பால் பேச ஆள் கிடைக்காது. அதனால இங்கே எழுதி வைக்கிறேன்.

2019 மார்ச் 9, ஐ-லீக் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாப் மூணாவது நிமிஷமே கோல் போட்டுட்டாங்க. இடைவேளைக்கு அப்புறம் பெத்ரோ மான்சி பெனால்டியில சமன் செய்தார்.

அன்னிக்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என ஜெயிச்சு 42-க்குப் போயிட்டாங்க. கோவையில டிரான்னா சென்னைக்கு 41தான், கோப்பை கொல்கத்தாவுக்கு.

69-வது நிமிஷம் வலையில பந்தைச் சேர்த்தது அந்த சீசனில் 21 கோல் அடிச்ச மான்சி இல்ல. புனேயிலிருந்து வந்த 20 வயசு டிஃபெண்டர் கௌரவ் போரா. (டிஃபெண்டர் தடுக்கிற கோலுக்கு ஸ்கோர்கார்டில் இடமே கிடையாது!) இஞ்சுரி டைமில் இன்னொண்ணும் போட்டார். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சென்னை சாம்பியன்.