உஷார்! பழைய மின்சார காரில் தினம் 150 கிலோமீட்டரா?

அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு நாள் பொறுங்கள். "சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க சார்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். வரட்டும், அந்தப் பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.

மதுராந்தகத்தில் வீடு, கிண்டியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. சாலையில் போக வர ஏறக்குறைய 150 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் பெட்ரோல் கார் என்றால் தினமும் ஆயிரம் ரூபாய் பங்க்கில் அழ வேண்டும். அப்படி அழுதுகொண்டிருப்பவர் கண்ணில், ஆறேழு லட்சத்துக்கு ஒரு 2021 மாடல் நெக்ஸான் இ.வி. பட்டால் சபலம் தட்டத்தான் செய்யும். 2020 ஜனவரியில் 13.99 லட்சம் ஆரம்ப விலையில் வந்த வண்டி ஆயிற்றே! புரோக்கரும் வாய் ஓயாமல் அடுக்குவார்: "சிங்கிள் ஓனர் சார். எழுபதாயிரம்தான் ஓடியிருக்கு. பேட்டரி வாரண்டி 2029 வரைக்கும் இருக்கு. உங்களுக்கு என்ன சார் கவலை?"

கவலையே அந்த 2029-தான். இந்த காரின் பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. விற்கிறவர் வருடத்தை மட்டும் சொல்வார், கிலோமீட்டரை விழுங்கிவிடுவார். நீங்கள் தினம் 150, மாதம் 25 நாள் ஓட்டினால் வருடத்துக்கு 45,000 கிலோமீட்டர். ஏற்கெனவே 70,000 போயிற்று, மிச்சம் 90,000. அதாவது சரியாக இரண்டு வருடம். காகிதத்தில் 2029 என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு வாரண்டி அதற்கு வெகுநாள் முன்பே தீர்ந்துவிடும். காருக்கு ஐந்து வருடக் கடன் வாங்கியிருந்தால், கடைசி மூன்று வருடம் பேட்டரிக்கு எந்தக் காப்பும் இல்லாமல் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் பேட்டரி படுத்தால் புதியது வாங்கும் செலவு லட்சங்களில். நீங்கள் காருக்குக் கொடுத்த விலையையே அது எட்டிப் பிடித்தாலும் ஆச்சரியமில்லை. ஊருக்குள் நாளுக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இந்தப் பயமே கிடையாது. அவருக்கு நல்ல பேரமாக இருக்கும் அதே கார், தூரம் ஓடுகிற உங்களுக்குக் கண்ணி.

வாரண்டியை ஒதுக்கி வைத்தாலும், முதலில் கார் போய்த் திரும்ப வேண்டுமே! பெட்ரோல் காருக்கு வயதானால் மைலேஜ் குறையும், டேங்க் அப்படியே இருக்கும். மின்சார காரில் டேங்க்கே சுருங்குகிறது. சுருங்கியதை டாஷ்போர்டு காட்டிக்கொடுக்காது. புதிதில் 30 யூனிட் பிடித்த இந்த நெக்ஸானின் பேட்டரி இன்று 25 யூனிட்தான் பிடிக்கிறது என்றாலும், நிரம்பியதும் திரையில் 100 என்றுதான் வரும். அந்த 100 என்பது இன்றைய கொள்ளளவில் நூறு சதவீதம். ஷோரூமிலிருந்து வந்த நாளின் கொள்ளளவில் நூறு என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த காரின் விளம்பரத்தில் போட்டது 312 கிலோமீட்டர். அது சோதனைக் கூடத்தில், ஏசி போடாமல், பெரும்பாலும் நகர வேகத்தில் உருளைமேல் ஓட்டிப் பார்த்த கணக்கு. புது வண்டியிலேயே நெடுஞ்சாலையில் ஏசி போட்டுக் குடும்பத்தோடு போனவர்களுக்கு 200-ஐ ஒட்டித்தான் கிடைத்தது. வேகம் கூடினால் இன்னும் மோசம். 80-லிருந்து 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். பெருங்களத்தூரில் நெரிசலில் நகர்ந்துகொண்டிருக்கும்போது மின்சார கார் சிக்கனமாகத்தான் இருக்கும். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி வெறும் சாலையைப் பார்த்ததும் மிதிக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சார்ஜ் உருவப்படுகிறது.

கையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம் என்றால் 150 கிலோமீட்டருக்கு 24 யூனிட் வேண்டும். 30 யூனிட் பேட்டரி தேய்ந்து 26-க்கு வந்திருந்தால், வீடு சேரும்போது மிச்சம் இரண்டே யூனிட். எட்டு சதவீதம்கூடத் தேறாது. அடைமழையில் கூடுவாஞ்சேரியில் சாலையை மறித்துச் சுற்றுவழியில் திருப்பிவிட்டால்? பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்தால்? சார்ஜ் ரொம்பத் தாழ்ந்துவிட்டால் பல கார்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அந்த நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

ஆகவே 30 யூனிட் பேட்டரியோடு வரும் பழைய காரைத் தினசரி 80, 90 கிலோமீட்டருக்கு யோசிக்காமல் எடுக்கலாம். 100-ஐத் தாண்டினால் ஆபீஸில் ஒரு 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் உங்களுக்கென்று உறுதியாக வேண்டும். அதையும் நிர்வாகம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். செக்யூரிட்டி அண்ணன் வாய்வார்த்தையாகச் சொன்ன "போட்டுக்கோங்க சார்" செல்லாது. 150-க்கு, ஆபீஸிலும் சார்ஜ் வசதி இல்லை என்றால், இந்த அளவு பேட்டரி வேண்டவே வேண்டாம். 24 யூனிட் டியாகோ இ.வி., 26 யூனிட் டிகோர் இ.வி. பற்றிப் பேச்சே இல்லை. 40 யூனிட்டுக்கு மேல் உள்ள வண்டியைப் பாருங்கள், இல்லாவிட்டால் சி.என்.ஜி. காரைப் பாருங்கள்.

"வழியிலே ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கே சார்" என்பார் புரோக்கர். இருக்கிறது. போய்ச் சேரும்போது அது வேலை செய்ய வேண்டும், முன்னால் நிற்கும் டாக்சிக்காரர் கழற்ற வேண்டும், பிறகு நீங்கள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஊருக்குப் போகும்போது என்றால் டீ குடித்துவிட்டு வரலாம். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அதையே செய்ய முடியுமா? யூனிட்டுக்கு இருபது ரூபாய் முன்பின் ஆகிறது என்றால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் வந்துவிடும், சி.என்.ஜி. காரும் ஏறத்தாழ அதே செலவில் ஓடுகிறது. போதாக்குறைக்கு, சென்னை வெயிலில் தினமும் ஃபாஸ்ட் சார்ஜ் ஏற்றினால் பேட்டரியின் தேய்மானமும் கூடும்.

வீட்டு சார்ஜிங்கிலும் ஒரு சங்கதி உண்டு. "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான்" என்று புரோக்கர் சொல்லும் கணக்கு நாளுக்கு இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுடையது. உங்களுக்குச் சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துத் தினம் 27 யூனிட் போகும். இரண்டு மாத பில்லில் அது மட்டுமே 1350 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் அடுக்கு அடுக்காக ஏறும், 1000-ஐத் தாண்டிய யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். அந்தக் கணக்கில் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய். பெட்ரோலைவிட மலிவு என்பதை மறுக்கவில்லை, ஆனால் புரோக்கர் சொன்னதைப் போல் இரண்டு மடங்கு. சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் இந்த 27 யூனிட் ஏற எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ராத்திரி ஒன்பதரைக்கு வந்து காலை ஆறரைக்குக் கிளம்புகிறவர் வீட்டில் நடுவே இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் மறுநாள் லீவு போட வேண்டியதுதான். அடுக்குமாடியில் இருப்பவர் என்றால், அசோசியேஷன் அனுமதி கையில் வரும்வரை கார் பார்க்கவே கிளம்பாதீர்கள்.

இனி, காரை எப்படிச் சோதிப்பது? பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் வெறும் வேடிக்கை. திரையில் "இன்னும் 210 கி.மீ. போகும்" என்று வருவதையும் நம்பாதீர்கள், கடைசியாக ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துப் போடும் ஊகம் அது. ஊருக்குள் முப்பதில் உருட்டிக்கொண்டிருந்தால் எண் அழகாக ஏறி நிற்கும். முதல் நாள் ராத்திரி 100 வரை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். காலையில் நீங்கள் ஆபீஸ் போகும் நேரத்தில், உங்கள் சாலையில், ஏசி போட்டு, உங்கள் வேகத்தில் ஓட்டுங்கள். 75 கிலோமீட்டரில் 100 என்பது 52 ஆகியிருந்தால், திரும்பி வரும்போது 4-ல் நிற்பீர்கள். 20-க்குக் கீழேயும் ஓட்டிப் பார்ப்பது அவசியம், பக்கத்திலேயே சார்ஜர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு. நெக்ஸானில் இருப்பது போன்ற எல்.எஃப்.பி. ரக பேட்டரியில் மின்னழுத்தம் கடைசிவரை அதிகம் மாறாது. எவ்வளவு மிச்சம் என்று காரின் கணினியே தடுமாறும். 18 காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 6-க்குச் சரிந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. முந்நூறு, நானூறு ரூபாய் ஆகும், அவ்வளவுதான். ஃபாஸ்ட் சார்ஜரில் ஏசியை அணைத்துவிட்டு 20-லிருந்து 80 வரை ஏற்றுங்கள். எத்தனை யூனிட் இறங்கியது என்று சார்ஜரின் பில்லே சொல்லும். 30 யூனிட் பேட்டரியில் 60 சதவீதம் என்றால் 18-ஐ ஒட்டி வர வேண்டும். பில்லில் 15 என்று வந்தால் அந்தப் பேட்டரி இன்று ஏறக்குறைய 25 யூனிட்தான். ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம், துல்லியமான அளவு என்று சொல்ல மாட்டேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு பேட்டரி ஆரோக்கிய அறிக்கையை எழுத்தில் வாங்கி இதோடு ஒத்துப் பாருங்கள். இத்தனை சோதனைக்கும் வண்டியை விட மாட்டேன் என்கிறவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை.

நம்பர் பிளேட்டை உற்றுப் பாருங்கள். பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் ஓன் போர்டு. மஞ்சள் எழுத்து என்றால் டி போர்டு, டாக்சி. டாக்சியாக ஓடி ஓன் போர்டுக்கு மாறிய வண்டிகளும் உலவுகின்றன. 2025 ஏப்ரலில் டெல்லியிலும் பெங்களூரிலும் மின்சார டாக்சி ஓட்டிய ப்ளூஸ்மார்ட் சேவையை நிறுத்திய பிறகு, அதற்காக ஓடிய கார்களும் அடிமாட்டு விலையில் சந்தைக்கு வந்தன. டாக்சிக்கு வாரண்டி நிபந்தனையே வேறு. மீட்டர் 70,000 காட்ட, டிரைவர் சீட்டின் வெளிப்பக்க ஓரம் நைந்து, பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் இருக்கும்; வரிசையாக வைத்துப் பார்த்தால் எங்கே மீட்டர் திருத்தப்பட்டது என்று தெரிந்துவிடும்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தை மறக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. பேட்டரி காரின் அடிவயிற்றில் இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் ஐ.பி. 67 தரம், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு மட்டுமே. மூன்று நாள் பேஸ்மென்ட்டில் மூழ்கிக் கிடந்ததற்கு அது பொறுப்பேற்காது, வாரண்டியும் ஏற்காது. இன்சூரன்ஸ் க்ளைம் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேறு படிந்த கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

புது மாடல் பக்கம் போகிறவர்களுக்கும் பொறி உண்டு. 45 யூனிட் நெக்ஸானுக்கும் கர்வ் இ.வி.க்கும் 2025-ல் டாடா அறிவித்த ஆயுட்கால பேட்டரி வாரண்டி முதல் ஓனருக்கு மட்டும். கை மாறினால் பழைய 8 வருடம், 1,60,000 கணக்குதான். எம்.ஜி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் 9.99 லட்சத்துக்கு வந்தது, ஆனால் அது பேட்டரி சேராத விலை; பேட்டரிக்குத் தனியாகக் கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் வாடகை. அப்படி எடுத்த வண்டியை வாங்கினால், கார் உங்களுடையது, பேட்டரிப் பாக்கி யாருடையது? ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் இருக்கிறதா பாருங்கள். காருக்கும் பேட்டரிக்கும் கடன் கொடுத்தவர்கள் இருவரிடமிருந்தும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வராமல், படிவம் 30-ல் கையெழுத்துப் போடாதீர்கள்.