குவேனியும் அல்லியும்

வண்ணாத்திவில்லுவிலிருந்து எலுவன்குளம் வழியே வடக்கே சென்று கலா ஓயாவைக் கடந்தால் வில்பத்துக் காடு. அக்காட்டின் மேலைக் கடலோரத்தே செம்மண் மேடாய் நிற்பது குதிரைமலை. அதனைக் காணுந்தோறும் இரு பெண்கள் என் நினைவில் எழுவர். ஒருத்தி அல்லி, மற்றவள் குவேனி.

அல்லியரசாணி மாலை புகழேந்தியார் பெயரால் வழங்குவது. அவர் வாக்கன்று என்பதே அறிஞர் துணிபு. ஏட்டிலே அல்லி மதுரைக்கு அரசி. இக்கரையார் வாய்மொழியிலோ அவள் குதிரைமலையிலிருந்து ஆண்டவள். முத்தைக் கொடுத்துக் குதிரையை வாங்கியவள். ஆடவரை அடிபணிய வைத்த அவளை அருச்சுனன் போரில் வெல்லவில்லை. பாம்புருக் கொண்டு பள்ளியறை புகுந்து, துயில்கையில் தாலி கட்டினான். பின்னர்ப் பவளக்கொடியையும் மணந்தான். அது வேறு கதை.

இதனைப் பல்லாண்டு நகைச்சுவையாகவே கற்பித்து வந்தேன். ஒருநாள் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, உறங்கினவள் கழுத்தில் கட்டியது எப்படித் தாலியாகும்?" என்றாள். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொல்காப்பியக் களவியல் சுட்டும் மன்றல் எட்டனுள், துயின்றாளைக் கூடுதலைப் பைசாசம் என இழித்து வைத்தனர் உரையாசிரியர். அதனை மாணவர்க்கு ஆண்டுதோறும் நெட்டுருப் போடுவித்தவன் நானே. அல்லியை அதனோடு வைத்து எண்ணியதில்லை.

மறுவாரம் குவேனியின் கதைக்கு வந்தோம். விசயன் இறங்கிய தம்பபண்ணி இக்கரையே என்பாரும் உளர். மகாவம்சத்தின் 7ஆம் அத்தியாயத்தில், மரத்தடியில் நூல் நூற்றிருந்த குவேனியின் கழுத்திலே சுருக்கு வீசித்தான் பிடிக்கிறான் விசயன். பின்பு காதல். காதலுக்காகத் தன் இயக்கர் குலத்தையே அவள் காட்டிக்கொடுத்தாள். சிரீசவத்துவில் திருமண விழவில் கூடியிருந்தோரை விசயன் கொன்றான். நாடு கைக்கு வந்தது. முடிசூடுவதற்கோ உயர்குலத் தேவி வேண்டுமென்றான். மதுரைப் பாண்டியன் மகளை வரவழைத்தனர். "மக்களை விட்டுவிட்டு நீ போ" என்றான் குவேனியை. மக்களோடு சென்றவளை ஒற்றறிய வந்தாளென எண்ணி, அவள் இனத்தான் ஒருவனே அடித்துக் கொன்றான். பிள்ளைகளைத் தப்பியோடச் சொன்னவன் அவளுடைய தாய்மாமன்.

அம்மாணவி மீண்டும் எழுந்தாள். "மதுரையிலிருந்து வந்த பெண்ணின் பெயர் என்ன, ஐயா?"

மகாவம்சத்தில் அப்பெயர் இல்லை.