பழைய உழவு இயந்திரங்களில் பவர் ஸ்டியரிங் எண்ணெய் குறைதல்: காரணம் அறியும் முறை

முள்ளியவளை, தண்ணீரூற்று, குமுழமுனை ஆகிய இடங்களில் காலபோக உழவு பெரும்பாலும் ஒரே காலத்தில் நடைபெறுவதாகும். மழைக்கு முன் புழுதி விதைப்பை முடிக்க வேண்டிய அந்நாட்களில் ஓர் உழவு இயந்திரம் இரண்டு நாள் நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி, அதனை வாடகைக்கு அமர்த்திய அயற் கமக்காரருக்கும் விதைப்புப் பிந்தும். நெல் மூடை ஏற்றிய பெட்டியுடன் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிற் செல்லும்போது ஸ்டியரிங் இறுகிவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இவ்விரண்டுக்கும் காரணமாகக் கூடியது பவர் ஸ்டியரிங் எண்ணெய் குறைதலாகும்.

எண்ணெய் எங்கே போகின்றது?

எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டு முன் சில்லுகளைத் திருப்பும் அமைப்பே பவர் ஸ்டியரிங் எனப்படும். பொதுமக்களுக்கு விற்கப்பட்ட கார்களில் இது முதன்முதலாக 1951ஆம் ஆண்டு கிறைஸ்லர் இம்பீரியல் காரில் இடம்பெற்றது. பின்னர் உழவு இயந்திரங்களிலும் பரவிற்று. தாங்கியிலுள்ள எண்ணெயைப் பம்பி உறிஞ்சி அழுத்துகின்றது. அது ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள வால்வு வழியாகச் சிலிண்டரை அடைந்து, சில்லைத் திருப்பி, மறுகுழாய் வழியாகத் தாங்கிக்கே திரும்புகின்றது. டீசலைப் போல இவ்வெண்ணெய் எரிந்து தீர்வதில்லை. ஆகவே, மட்டம் குறைந்தால் எங்கோ ஓரிடத்தில் கசிவு உண்டு என்பது உறுதி. அவ்விடத்தைக் காணாது நாள்தோறும் எண்ணெய் ஊற்றுதல் தீர்வாகாது. எண்ணெய் வற்றிய பம்பி காற்றை உறிஞ்சித் தேய்ந்து அழியும். சிறு சீல் ஒன்றை மாற்றுவதோடு முடியவேண்டிய செலவு, பம்பி முழுவதையும் மாற்றும் செலவாகிவிடும்.

20 சொட்டு ஏறக்குறைய 1 மில்லிலீற்றராகும். 10 செக்கனுக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால், 8 மணி நேர வேலையில் ஏறக்குறைய 144 மில்லிலீற்றர் எண்ணெய் போய்விடும். சிறு கசிவுதானே எனப் புறக்கணித்தல் கூடாது.

சோதிக்கும் முறை

1. இயந்திரத்தைச் சமநிலத்தில் நிறுத்தி, முன்பகுதியைச் சவர்க்காரநீரினாற் கழுவி உலர்த்துக. சேறும் பழைய எண்ணெயும் படிந்திருக்கும்போது கசியும் இடம் தெரியாது.

2. எஞ்சின் ஆறியபின், சில்லுகள் நேராக இருக்கும் நிலையில், கைநூலிற் குறித்தவாறு எண்ணெய் மட்டத்தைப் பார்த்து எழுதி வைக்குக. சில இயந்திரங்களில் ஸ்டியரிங்குக்குத் தனித் தாங்கி இல்லை. கியர்ப் பெட்டியின் எண்ணெயே பயன்படும்.

3. இரவில் அடியிலே சுத்தமான காட்போட் மட்டையை விரித்து வைக்குக. காலையில் மட்டையிற் கறை காணப்பட்டால், அழுத்தமில்லாத வேளையிலும் கசிகின்றது என்பது பொருள். தாங்கி, உறிஞ்சு குழாய், மறுகுழாய், அவற்றின் இறுக்கு வளையங்கள் ஆகியவற்றை முதலில் ஆராய்க.

4. கறை இல்லையெனின், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிடுக. ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்ப, மற்றவர் சற்று விலகி நின்று பார்த்தல் வேண்டும். கடைசிவரை திருப்பிய நிலையில் 5 செக்கனுக்கு மேற் பிடித்திருத்தல் ஆகாது; எண்ணெய் மிகச் சூடேறும்.

5. இடம் தெளிவாகத் தெரியாவிடின், எஞ்சினை நிறுத்தி, ஐயமுள்ள மூட்டுகளில் முகத்துக்கிடும் பவுடரைத் தூவி மீண்டும் சோதிக்க. கசியும் இடத்திற் பவுடர் நனைந்து நிறம் மாறும்.

எச்சரிக்கை: ஓடும் எஞ்சினில் அழுத்தக் குழாயைக் கையினால் தடவிப் பார்த்தல் கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தோன்றினும் கையையே இழக்க நேரலாம். அவ்வாறு நேர்ந்தால் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, எண்ணெய் உட்புகுந்ததென்பதை வைத்தியரிடம் தெரிவித்தல் வேண்டும்.

அறிகுறியும் காரணமும்

சிலிண்டர்த் தண்டில் எண்ணெய் படிந்து சேறு ஒட்டியிருந்தால் அதன் சீல் பழுதாகும். சேற்றுழவில் ஓடும் இயந்திரங்களில் இது எளிதில் ஏற்படக் கூடியது. தண்டில் துருக்குழி இருப்பின் புதிய சீலும் விரைவில் அறுந்துவிடும். தண்டையும் சீர்செய்தல் வேண்டும்.

ஸ்டியரிங் தண்டின் அடியில் எண்ணெய் ஊறினால் வால்வின் சீலை மாற்றுக.

வெளியே ஒரு சொட்டேனும் காணப்படாது எண்ணெய் குறைந்தால், எஞ்சின் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்குக. பற்சில்லினால் ஓடும் பம்பியின் தண்டுச் சீல் தேய்ந்தால், ஸ்டியரிங் எண்ணெய் எஞ்சினுட் சென்று, அங்கு மட்டம் உயரும். எஞ்சின் எண்ணெய் நீர்த்து டீசல் மணம் வீசின், டீசல் புகுந்ததென அறிக. எவ்வாறாயினும் எஞ்சினை ஓட்டாது நிறுத்துதல் வேண்டும்.

தாங்கியில் நுரை எழுந்து மூடி வழியாக வழிந்தால், உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுகின்றது. எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது.

திருத்தும்போது கவனிக்க வேண்டியவை

வெடித்த இறப்பர்க் குழாயைத் துணியாலோ பழைய ரியூப்பாலோ சுற்றி ஓட்டுதல் தகாது. அழுத்தத்திற்கு ஏற்ற புதிய குழாயையே இடுக. கைநூலிற் கூறிய எண்ணெயை மட்டுமே ஊற்றுக. பிரேக் எண்ணெயை ஒருபோதும் ஊற்றற்க. அது சீல்களை உப்பச் செய்து கெடுக்கும். திருத்தியபின் ஸ்டியரிங்கை மெதுவாக இரு பக்கமும் பலமுறை திருப்பிக் காற்றை வெளியேற்றி, மட்டத்தை மீண்டும் நிரப்புக. ஒழுகிய எண்ணெயைத் தட்டில் ஏந்துக. வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டுதல் கூடாது.

இச்சோதனைக்கு ஓர் இரவும் ஒரு காலையும் போதும். ஆவணி மாதத்திலேயே இதனைச் செய்து, வேண்டிய சீலையும் குழாயையும் வாங்கி வைப்பவர், மழை முகங்கண்ட வேளையில் கராஜ் வாசலிற் காத்திருக்க வேண்டியதில்லை.