கீசர் தொட்டியைக் காக்கும் ஆனோடு கம்பி

சேமிப்பு வகை கீசர்கள் பலவற்றின் உள்தொட்டி எஃகால் ஆனது. துருப்பிடிக்காமலிருக்க அதன் உட்புறம் கண்ணாடிப் பூச்சு பூசப்பட்டிருக்கும். பூச்சில் நுண்ணிய விரிசல் விழுந்தால், வெந்நீர் அந்த இடத்தில் எஃகை அரிக்கத் தொடங்கும். அதைத் தடுப்பதே தொட்டிக்குள் இருக்கும் மக்னீசிய ஆனோடு கம்பியின் வேலை. மக்னீசியம், இரும்பைவிட எளிதில் எலக்ட்ரான்களை இழக்கும் உலோகம். அதனால் அரிப்பு முதலில் கம்பியைத் தாக்குகிறது, தொட்டி தப்புகிறது. கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இதே தத்துவத்தை 1824இல் ஹம்ப்ரி டேவி பயன்படுத்தினார்.

கம்பி கரைந்து தீர்ந்ததும் பாதுகாப்பும் போய்விடும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரில் அது விரைவாகக் கரையும். ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது. கம்பி பாதிக்கு மேல் மெலிந்திருந்தாலோ, நடுவிலுள்ள எஃகு இழை வெளியே தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும்.

கம்பியை மாற்ற, முதலில் மின் இணைப்பை முழுமையாகத் துண்டித்து, நீர் ஆறியபின் உள்வரும் குழாயை மூடித் தொட்டியை வடிக்க வேண்டும். பல கீசர்களில் இந்தக் கம்பி, ஹீட்டர் காயிலுடன் அடிமூடியில் பொருத்தப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றி, படிந்த உப்பை அகற்றி, அதே அளவுள்ள புதிய கம்பியைத் திருகி, கேஸ்கெட்டையும் புதிதாக இட வேண்டும். தொட்டி நிரம்பிக் குழாயில் தண்ணீர் வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். மின்வேலை தெரியாதவர்கள் இதைப் பயிற்சி பெற்ற பணியாளரிடம் விடுவதே பாதுகாப்பு.