100 கிராமில் 18 மி.கி. இரும்புச்சத்து... ஆனா நீங்க மெல்றது 2 கிராம்! சோம்பில் உண்மையில் என்ன இருக்கு?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம், சேரப்பணஞ்சேரி பக்கம் மதிய நேரத்தில் எந்த மெஸ்ஸுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு தொங்க, கை கழுவிவிட்டு வருபவர்கள் கல்லாவில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்கிறார்கள். பக்கத்துக் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை சோம்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்புகிறார்கள். “சாப்பாடு ஹெவி, செரிக்கணும்ல?”

அதே சோம்பு கையில் இருக்கும் போனுக்குள் வேறு அவதாரம் எடுக்கிறது. ‘பாலைவிட பத்து மடங்கு கால்சியம்’, ‘ரத்தசோகையை விரட்டும் சோம்புத் தண்ணீர்’, ‘பத்தே நாளில் தொப்பை மாயம்’ என்று ரீல்ஸ் வரிசைகட்டி வருகின்றன. இதில் எது உண்மை?

100 கிராம் கணக்கும் ஸ்பூன் கணக்கும்

அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவுகளின்படி, 100 கிராம் சோம்பில் சுமார் 1,196 மி.கி. கால்சியம், 18.5 மி.கி. இரும்புச்சத்து, கிட்டத்தட்ட 40 கிராம் நார்ச்சத்து, 1,694 மி.கி. பொட்டாசியம், 16 கிராம் புரதம் இருக்கின்றன. 100 கிராம் பசும்பாலில் கால்சியம் ஏறக்குறைய 120 மி.கி.தான். ஆக, ‘பத்து மடங்கு’ என்ற கணக்கு பொய் இல்லை.

ஆனால் 100 கிராம் சோம்பை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு டீஸ்பூன் சோம்பின் எடை வெறும் 2 கிராம். அதில் இருப்பது இவ்வளவுதான்:

• கலோரி – 7
• நார்ச்சத்து – 0.8 கிராம்
• கால்சியம் – 24 மி.கி.
• இரும்புச்சத்து – 0.37 மி.கி.
• பொட்டாசியம் – 34 மி.கி.

அதே நேரத்தில், ஒரு டம்ளர் பாலை (200 மி.லி.) நாம் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறோம். அதில் 240 மி.கி. கால்சியம் கிடைக்கும். அதைச் சோம்பில் பெற 10 ஸ்பூன் மெல்ல வேண்டும்.

அப்புறம் ஏன் 100 கிராம் அட்டவணையில் சோம்பு இப்படி ஜொலிக்கிறது? காரணம் எளிது. பாலில் பெரும்பகுதி தண்ணீர். சோம்பு காயவைத்த பொருள். அதில் தண்ணீர் பத்து சதவீதம்கூடக் கிடையாது. தண்ணீர் போனால் மற்ற சத்துகள் எல்லாம் செறிந்து தெரியும். சீரகம், தனியா, மிளகு என எந்த மசாலாப் பொருளை எடுத்தாலும் இதே கதைதான். ஓர் உணவின் சத்தைப் பார்க்கும்போது, ‘இதை நான் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவேன்?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ரத்தசோகைக்கு உதவுமா?

இந்தக் கேள்வி முக்கியமானது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது, இரண்டு பெண்களில் ஒருவருக்கு.

ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி, வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மி.கி. இரும்புச்சத்து தேவை, ஆணுக்கு 19 மி.கி. ஒரு பெண் தன் தேவையைச் சோம்பில் மட்டுமே பெற வேண்டுமானால், தினமும் 78 ஸ்பூன் மெல்ல வேண்டும்! அப்படியே மென்றாலும், தாவர உணவில் உள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும்.

உண்மையில், கேன்டீனில் கவனிக்க வேண்டியது சோம்புக் கிண்ணத்தை அல்ல, சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயை. டீ, காபியில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பிரேக் நேரம் குறைவு என்றால், டீயை அடுத்த பிரேக்குக்குத் தள்ளிவையுங்கள். கீரை, பயறு சாப்பிடும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் அல்லது கொய்யா சேர்த்துக்கொண்டால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடல் கிரகிக்க உதவும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மீன், ஈரல், இறைச்சி இன்னும் நல்ல வழி.

அப்போ செரிமானம்?

இங்கேதான் சோம்புக்கு நிஜமான மரியாதை. சோம்பின் மணத்துக்கும் இனிப்புச் சுவைக்கும் காரணம் அதன் எண்ணெயில் உள்ள ‘அனித்தோல்’ என்ற வேதிப்பொருள். குடல் தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்தும் தன்மை அதற்கு உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மெல்லும்போது உமிழ்நீரும் நன்றாகச் சுரக்கும். வாய் நாற்றமும் குறையும்.

வயிற்று உப்புசம், வாயுத் தொல்லை போன்ற லேசான பிரச்சினைகளுக்குச் சோம்பைப் பயன்படுத்துவதை ஐரோப்பிய மருந்துகள் முகமையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் பெரிய மருத்துவ ஆய்வுகளின் அடிப்படையில் அல்ல. நீண்டகாலப் பாரம்பரியப் பயன்பாட்டின் அடிப்படையில். இரண்டு வாரத்துக்கு மேலும் தொல்லை நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. நைட் ஷிஃப்டில் நேரம் தவறிச் சாப்பிட்டு, தினமும் நெஞ்செரிச்சலோடு படுப்பவர்கள் சோம்பை வைத்து நாளைத் தள்ளக் கூடாது.

சோம்புத் தண்ணீர் குடித்தால் எடை குறையுமா?

சோம்புத் தண்ணீர் குடிப்பதால் மட்டும் கொழுப்பு கரையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. சோம்பை ஊறவைத்து வடிகட்டினால், அதன் நார்ச்சத்து பெரும்பாலும் விதையோடு வடிகட்டியிலேயே தங்கிவிடும். தண்ணீரில் இறங்குவது மணமும் கொஞ்சம் கரையும் பொருட்களும்தான். கூல் டிரிங்க்ஸுக்குப் பதிலாகக் குடித்தால் சர்க்கரை மிச்சம். அந்த வகையில் லாபம்.

கலர் கலரான சர்க்கரைப் பூச்சு சோம்பு இதற்கு நேர்மாறு. அங்கே நீங்கள் சாப்பிடுவது சோம்பைவிடச் சர்க்கரையைத்தான். வெறும் சோம்பையோ லேசாக வறுத்ததையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் சோம்புத் தண்ணீர் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோம்பு டீயை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஐரோப்பிய முகமை பரிந்துரைப்பதில்லை. சோம்பில் சிறிதளவு உள்ள ‘எஸ்ட்ராகோல்’ என்ற பொருள் குறித்த எச்சரிக்கையும் இருக்கிறது.

கர்ப்பிணிகள் குழம்பில், குருமாவில் சேரும் சோம்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் சோம்பு எண்ணெய், கேப்சூல் போன்றவற்றை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கடைசியாக...

படி ஏறினால் மூச்சு வாங்குது, ஷிஃப்ட் முடியறதுக்குள்ள தலை சுத்துது, எப்பவும் அசதியா இருக்கு என்றால், ரீல்ஸ் பார்த்துச் சோம்பை ஊறவைக்காதீர்கள். பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பரிசோதனையை இலவசமாகவே செய்துகொள்ளலாம். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் ரத்தசோகை. மாத்திரை வேண்டுமா, உணவு மாற்றம் போதுமா என்பதை மருத்துவர் சொல்வார்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த ஒரு சிட்டிகைச் சோம்பைத் தாராளமாக மெல்லுங்கள். வாய் மணக்கும், வயிறு லேசாகும். அதன் வேலை அவ்வளவுதான்.