பருவத்தோடியைந்த வாழ்வு: மூதூர் வயல்கள் புகட்டும் பாடம்

இயற்கையோடியைந்த வாழ்வு என்னுந் தொடர் இன்று பலர் நாவிலும் பயில்கின்றது. நஞ்சு கலவாத உணவு, செயற்கைப் பசளை இடாத வயல் என்பனவே அதன் பொருளெனப் பெரும்பாலார் கருதுவர். இவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் நிறைவுடையதுமன்று. எதனைத் தவிர்த்தல் வேண்டும் என்பதை அது கூறுகின்றதேயன்றி, எதனைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பதைக் கூறவில்லை. இயற்கையோடு இயைதலென்பது முதற்கண் காலத்தோடு இயைதலாகும். மழையும் காற்றும் மண்ணும் தத்தமக்குரிய காலத்திலேயே தொழிற்படுவன. அக்காலத்தை அறிந்து தன் தொழிலை ஒழுங்கு செய்பவனுக்கே அவை துணைநிற்கும். இவ்வுண்மையைக் காண்பதற்குத் தொலைவிடஞ் செல்லவேண்டியதில்லை. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த மூதூர்ப் பகுதியே தக்க சான்றாகும்.

மூதூர் ஆற்றினால் வாழும் நிலம். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. அதன் கிளையாகிய வெருகலாறு தெற்கே வெருகலிற் கடலை அடைகின்றது. தோப்பூர், பள்ளிக்குடியிருப்பு, கிளிவெட்டி, மேன்காமம், கங்குவேலி, மல்லிகைத்தீவு, கட்டைபறிச்சான், சம்பூர் முதலிய ஊர்கள் இப்பகுதியைச் சேர்ந்தவை. கீழ்மாகாணத்தில் நெற்பயிரை 'வேளாண்மை' என்றே வழங்குவர். தொழிலின் பெயரே பயிரின் பெயராய் நின்றமை, இம்மக்கள் வாழ்வில் நெல் பெற்ற இடத்தைக் காட்டும்.

இங்குள்ள பருவங்கள் யாவை? ஆங்கில நூல்கள் கூறும் இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்னும் நான்கும் இந்நிலத்துக்குப் பொருந்தா என்பது வெளிப்படை. தொல்காப்பியர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளும் முற்றப் பொருந்துவனவல்ல. ஆவணியும் புரட்டாதியும் கார்காலம் என்பது இலக்கண மரபு. மூதூரிலோ அவ்விரு திங்களிலும் இடையிடையே இடியுடன் மழை பெய்யுமாயினும், கச்சான் காற்றின் வறட்சி நீங்குவதில்லை. கச்சான் என்பது தென்மேற்குப் பருவக்காற்று. வைகாசி முதலாக வீசும் அக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் நீரைச் சொரிந்துவிட்டு, மலையைக் கடந்து கீழிறங்குங்கால் வெப்பமும் வறட்சியும் உடையதாகின்றது. ஐப்பசியிற் காற்றுத் திசைமாற, மழை தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் வாடையோடு அது மிகும். திருகோணமலையில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் அரைப்பங்குக்கு மேற்பட்டது ஒக்டோபர், நவெம்பர், டிசெம்பர் ஆகிய மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. ஆகவே ஏட்டிலுள்ள பருவத்தைக் கொண்டு இந்நிலத்தை உழ முடியாது. இந்நிலத்தின் பருவத்தை இங்கேயே கற்றல் வேண்டும்.

அவ்வாறு கற்றவர்களின் ஆண்டு எத்துணை ஒழுங்குடையது என்பதை நோக்குவோம். மழையை எதிர்நோக்கிப் புழுதியுழுது விதைப்பர். மாசி, பங்குனியில் அறுப்பர். இது பெரும்போகம். குளத்து நீரும் ஆற்று நீரும் கிடைக்குமிடத்துச் சித்திரையில் விதைத்து ஆவணியில் அறுப்பது சிறுபோகம். தைப்பூசத்தன்று முற்றிய கதிரை முதலிற் கொய்து புதிர் எடுத்தல் ஈழத்துத் தமிழர் வழக்கம். வாடைக்காலத்திற் கடல் கொந்தளிக்க, வயல் மனிதனை அழைக்கும். கச்சான் காலத்தில் மானாவாரி வயல் ஓய்ந்திருக்க, கீழ்க்கரைக் கடல் அமைதியுற்று மீனவனை அழைக்கும். அக்காலத்திலேயே காட்டிற் பாலையும் வீரையும் பழுக்கும். நிலமும் நீரும் முறைமாறி உணவளிக்கும் இவ்வொழுங்கை எவரும் திட்டமிட்டு வகுக்கவில்லை, காற்றே வகுத்தது.

காலமறிதலின் நுட்பம் விதை தேர்தலில் நன்கு விளங்கும். இது பற்றி மூதூரோடு தொடர்புடைய ஒரு பழஞ்சான்று உண்டு. 1660 ஆம் ஆண்டிற் புயலாற் பழுதுற்ற கப்பலொன்று கொட்டியாரக் குடாவில் தங்கியபோது, அதில் வந்த இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் தம் தந்தையுடன் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து தப்பிச்சென்ற அவர், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று மாதங்களில் விளையும் ஐவகை நெல்லைக் குறிப்பிடுகின்றார். விரைந்து விளைவது சுவை மிக்கது, ஆயின் விளைவு குறைந்தது; நெடுங்காலம் நிற்பது மிகுதியாக விளைவது. அங்ஙனமாயின் யாவரும் நெடுங்கால நெல்லையே விதையாமை ஏன்? நீர் எத்துணைக் காலம் நிற்கும் என்பதை முன்னறிந்து, அதற்கேற்ற வயதுடைய நெல்லையே உழவன் தெரிந்தெடுத்தான் என்பது அவர் தரும் விடை.

இந்நெறி பழைமையோடு ஒழிந்ததன்று. பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட விதைகளின் எண்களை நோக்குக. பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352 மூன்றரை மாத நெல், பி.ஜி. 403 நான்கு மாத நெல். நெல்லின் வயதே அதன் பெயராய் அமைந்துள்ளது. பச்சைப்பெருமாளை விதைத்த பாட்டனும் பி.ஜி. இன நெல்லை விதைக்கும் பேரனும் வானையும் குளத்தையும் நோக்கிக் கேட்கும் வினா ஒன்றே: நீர் எத்தனை மாதம் நிற்கும்?

விதைக்கு வயது உண்டாதல்போல எருவுக்கும் காலம் உண்டு. அறுவடை முடிந்தபின் மாடுகளை வயலில் விட்டு அரிதாளை மேயச்செய்து, இரவில் அங்கேயே பட்டியடைத்தல் பழைய முறை. விதைப்புக்கு முன் அவற்றை மேய்ச்சற்றரைகளுக்குக் கொண்டுசெல்வர். இதனால் எரு சுமக்கும் உழைப்பு மிஞ்சியது. மண்ணும் வேண்டிய காலத்தைப் பெற்றது. சாணத்திலுள்ள நைதரசனைப் பயிர் நேரே உண்ண இயலாது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து உணவாக்கித் தருதல் வேண்டும். அவை ஈரமின்றித் தொழிற்படா. நன்கு காய்ந்த மண் நனையும்போது அவற்றின் தொழில் திடீரென மிகுந்து நைதரசன் வெளிப்படுவதை, 1958 இல் கிழக்காபிரிக்க மண்ணை ஆராய்ந்த பேர்ச் என்பவர் விளக்கினார். கச்சானிற் காய்ந்த புழுதி முதன்மழையில் நனைவதும் இத்தகையதே. அம்மழையை அண்டி விதைப்பவன் இவ்விளைவின் பயனைப் பெறுகின்றான். பிந்தியவன் அதன் பெரும்பகுதியை இழக்கின்றான்.

இக்காலக்கணக்கைப் புறக்கணித்ததன் விளைவை நம் நாடு அண்மையிற் கண்டது. 2021 மே மாதத்தில் அசேதனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரேமுறையிற் சேதன வேளாண்மைக்கு மாறவேண்டுமென்பது நோக்கம். நோக்கத்தை இகழ்தல் தகாது. கணக்கை மட்டும் பார்ப்போம். ஓர் எக்டேயர் நெல்லுக்கு 100 கிலோகிராம் நைதரசன் வேண்டுமெனக் கொள்வோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் இருத்தலின், ஏறத்தாழ 217 கிலோகிராம் போதும். ஈரச் சாணத்தில் நூற்றுக்கு அரைப்பங்களவே இருத்தலின் 20 தொன் வேண்டும். அதுவும் முதற்போகத்தில் முழுமையாகப் பயிருக்குக் கிட்டாது; ஒரு பகுதி அடுத்தடுத்த போகங்களிலேயே பயன்தரும். முற்றாத கூட்டெருவை இட்டாலோ, அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனையும் தாமே கவர்ந்துகொள்ளப் பயிர் மஞ்சளிக்கும். மே மாதத்துக்கும் பெரும்போக விதைப்புக்கும் இடையே ஐந்து திங்களே இருந்தன. நவெம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது விதைப்புக் காலம் பெரிதும் கடந்திருந்தது. 2022 இல் நாட்டின் நெல் விளைவு முந்திய ஆண்டினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. சேதன எரு பயனற்றது என்பதன்று இதனாற் பெறப்படுவது. மண்ணின் காலத்தை ஆணையினாற் சுருக்க முடியாது என்பதே பெறப்படுவது.

ஆகவே, அசேதனப் பசளையை இன்றே ஒழிப்போம் என்பாரும், எருவைப் பேசுதல் பிற்போக்கு என்பாரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருவரும் காலத்தை மறக்கின்றனர். மண்ணைப் பரிசோதித்துப் பசளையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தலும், வைக்கோலை எரியாது வயலிலேயே மக்கவிடுதலும், வேலியிற் கிளிசரியா நட்டு அதன் தழையை உழவின்போது மிதித்தலும், மாட்டுக்குரிய மேய்ச்சற்றரையைக் காத்தலும் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்யத்தக்கன. ஒருவன் மட்டுஞ் செய்தலும் போதாது. நீர் திறக்கும் நாளும், விதைக்கும் நாளும், மாட்டை அகற்றும் நாளும் ஆரம்பக் கூட்டத்தில் யாவரும் கூடி முடிவுசெய்வன. ஒரே நீரை உண்ணும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரு நாட்காட்டிக்கு உடன்பட்டாலன்றி இங்கு வேளாண்மை நடவாது.

அவ்வுடன்பாடு குலைந்தபோது நேர்ந்ததையும் மூதூர் அறியும். 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து போர் மூண்டது. மூதூர் நகரத்து முஸ்லிம் மக்களும் மூதூர்க் கிழக்கின் தமிழ் மக்களும் ஊரை விட்டகன்றனர். முன்னவருட் பலர் விரைவில் மீண்டனர். சம்பூர் மக்களுட் பெரும்பாலார் 2015 ஆம் ஆண்டிலும் அதன் பின்னருமே தம் மண்ணை மிதித்தனர். வீடு சிதைந்தால் மீளக் கட்டலாம். தூர்ந்த குளத்தையும் திருத்தலாம். ஆனால் எக்காற்றுக்குப்பின் எம்மழை வரும், எவ்வரம்பில் நீர் முதலில் வற்றும், எவ்வயலுக்கு எவ்விதை ஏற்கும் என்னும் அறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. தந்தையின் பின்னே வரப்பில் நடந்த மகன் பெற்றது. ஒன்பது ஆண்டுகள் முகாமில் வளர்ந்த பிள்ளை அந்நடையை இழந்தான். மழையும் முன்போல் நாள் தவறாது வருவதில்லை என முதியோர் கூறும் இந்நாளில், அவ்விழப்பு இருமடங்காகின்றது.

ஈண்டே கல்லூரியின் கடமை தொடங்குகின்றது. முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பருவக் கணக்கைக் கேட்டெழுதுதல் மாணவருக்கு அரிய செயலன்று. ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் போதும். காற்று மாறிய நாள், முதன்மழை நாள், விதைத்த நாள், கதிர் ஈன்ற நாள் என்பவற்றை ஆண்டுதோறும் பதிந்துவரின், பத்தாண்டில் அக்குறிப்பேடு எந்தப் பாடநூலும் தராத அறிவைத் தரும். மாறிவரும் வானிலையையும் பழைய கணக்கையும் ஒப்பிட்டுப் புதிய கணக்கை வகுக்க அதுவே கருவியாகும். பருவத்தோடியைந்து வாழ விரும்புவோர் முதலில் அப்பருவத்தைக் குறித்து வைப்பாராக. வருகின்ற ஐப்பசியின் முதன்மழையே அதற்கு நன்னாள்.