பாட்டனுக்குப் பாட்டன் யார்?

உங்கள் தந்தையாரின் பெயரை உடனே சொல்லிவிடுவீர்கள். பாட்டனார் பெயரும் தெரியும். பாட்டனாருடைய தந்தை பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டால் நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம். அதற்கும் மேலே போனால் பதிலே இராது. தந்தை வழி முன்னோரைப் பழைய ஏடுகளின் துணைகொண்டு தேடுவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

இக்கலையில் நெடுநாள் பழகியவர்கள் ஆங்கிலேயர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை முதல் நாள் தொடங்கிப் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசாங்கமே பதிந்து வருகிறது. அந்தத் திருமணப் பதிவில் மணமகன், மணமகள் பெயர்களோடு இருவருடைய தந்தையர் பெயரும், தந்தையர் செய்த தொழிலும் எழுதப்பட்டன. தாயாருக்கு அதில் இடமில்லை. 2021 மே மாதத்தில்தான் தாயார் பெயரும் சேர்ந்தது. தந்தை வழியைத் தேடுவது எளிதாகவும், தாய் வழியைத் தேடுவது கடினமாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்குத் துணையாக நிற்பது குடிமதிப்பு, அதாவது மக்கள் தொகைக் கணக்கு. பத்தாண்டுக்கு ஒருமுறை வீடு வீடாக எடுத்த கணக்கு. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் 1868-இல் திருமணம் செய்துகொண்டார். தந்தை தச்சர் என்று பதிவு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1861 கணக்கைப் புரட்டினால் அந்த இளைஞர் தம் தந்தை வீட்டில் இருக்கிறார். தச்சருக்கு வயது 48. பிறந்த ஊரும் குறிக்கப்பட்டிருக்கிறது. 1851 கணக்கில் தச்சருக்கு வயது 38. மூத்த பிள்ளைக்குப் பன்னிரண்டு. அப்படியானால் தச்சரின் திருமணம் 1838-ஐ ஒட்டி நடந்திருக்கலாம். அந்த ஆண்டுகளின் பதிவைத் தேடி எடுத்தால், தச்சருடைய தந்தை பெயர் கிடைத்துவிடும். ஒரு ஏடு பெயரைத் தருகிறது. மற்றொன்று அடுத்த ஏட்டை எந்த ஆண்டில் தேடுவது என்று சொல்கிறது. ஏணிப்படி ஏறுவது போலத்தான்.

ஏடு சொல்வதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. 1841 கணக்கில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி உத்தரவு. நம் தச்சருக்கு அன்று வயது 28. ஏட்டில் 25 என்றிருக்கும். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அந்தக் கணக்கில் இல்லை. தந்தை பெயர் அறியாத மணமகன், சபை நடுவே மானத்தைக் காக்க ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டதும் உண்டு. பெயர்கள் உள்ள தாள்களை நூறு ஆண்டு கழித்தே பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 1921 கணக்கு 2022 ஜனவரியில் திறந்தது. 1931 கணக்குத் தாள்கள் 1942-இல் தீயில் எரிந்துபோயின. 1941-இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. ஆகவே அடுத்ததற்கு இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

சரி, நம் கதை என்ன? மலாயாவிலும் கணக்கெடுத்தார்கள். ஆனால் நூலகத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய அறிக்கைகளில் இருப்பவை தொகைகள் மட்டுமே. இத்தனை தமிழர், இத்தனை தெலுங்கர் என்றிருக்கும். உங்கள் பாட்டனார் அதில் ஓர் எண். திருமணமோ, கோயிலிலோ லயத்து வாசலிலோ தாலி கட்டி நடந்தது. பல பதிவாகவே இல்லை. சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டு மாதர் சாசனமும், மலேசியாவில் 1982 மார்ச்சு முதல் நாள் நடப்புக்கு வந்த சட்டமும்தான் பதிவைக் கட்டாயமாக்கின. கிறிஸ்துவக் குடும்பத்தாருக்குத் தேவாலயப் பதிவேடு உண்டு. அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இன்னொரு சிக்கல், நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறுகிறது. ஆனால் 'இன்னார் த/பெ இன்னார்' என்று எழுதும் வழக்கத்தால் நம் ஒவ்வொரு பத்திரத்திலும் இரண்டு தலைமுறை இருக்கிறது. பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், 1948-இல் வந்த அடையாளக் கார்டு, பழைய கடப்பிதழ் ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். முனுசாமி ஒரு தாளில் முனிசாமியாக இருப்பார். கிராணி காதில் விழுந்தபடி எழுதியது அது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கமாதலால், ஒரே பெயர் ஒன்று விட்டு ஒன்று வரும். அது நல்ல துப்பு. ஆளை மாற்றிவிடும் கண்ணியும் அதுவே.

திருமணப் பதிவு இல்லாத நமக்கு இரண்டு பொருள்கள் அந்த இடத்தை நிரப்பும். ஒன்று கல்யாணப் பத்திரிகை. 'இன்னார் பேரனும் இன்னார் மகனுமாகிய' என்ற வரியில் மூன்று தலைமுறை இருக்கும். மற்றொன்று மொய் நோட்டு. இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. மொய் எழுதுகிறவர் கொடுத்தவர் பெயருக்கு முன் ஊரைக் கேட்டு எழுதுவார். தோட்டத்தில் இருந்தாலும், கேட்டவுடன் தாயகத்து ஊரைச் சொன்னவர்கள் நிறையப் பேர்.

எங்கள் பாட்டனார் இறந்தபோது அவருடைய தகரப் பெட்டியில் இருந்த தாள்களை, குப்பை என்று எண்ணி நாங்களே எரித்தோம். நானும் ஒரு கட்டு தூக்கிப் போட்டேன். மிஞ்சிய அடையாளக் கார்டில் பிறந்த இடம் 'இந்தியா' என்று மட்டும் இருந்தது. பல ஆண்டு கழித்து அத்தை வீட்டில், என் தந்தையார் திருமணத்து மொய் நோட்டு கிடைத்தது. கரையான் அரித்தது போக மீதிப் பக்கங்களில் முசிறிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் ஐந்து இடங்களில் வந்தது. அதில் ஒருவர் பெயருக்கு எதிரே 'பங்காளி, இரண்டு வெள்ளி' என்றிருக்கிறது.

அவர் யார் மகன் என்று அத்தைக்குத்தான் தெரியும். அத்தைக்கு இப்போது வயது 86. வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு அவரிடம் போகிறேன்.